பழைய கணிப்பொறியும் புதிய திரையும்



நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்ப, 1984-85ஆம் ஆண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோ. 32 கிலோபைட் நினைவகமே கொண்ட அப்பொறியில்தான் நம்முள் பலர் முதன்முதலாக ஒரு விசையை அழுத்தி, திரையில் எழுத்துத் தோன்றக் கண்டு வியந்தோம்.

அவற்றுள் எஞ்சிய ஒன்றை இன்று அலமாரியிலிருந்து எடுத்துத் தட்டைத் திரையோடு இணைக்கின்றோம். படம் வருவதில்லை. உடனே, "பொறி செத்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறி, எடைக்குப் போட்டுவிடுகின்றோம். பல வேளைகளில் அத்தீர்ப்புப் பிழையானது. பொறி பேசுகின்றது, திரைக்குத்தான் அம்மொழி விளங்கவில்லை.

காரணம் யாது? பழைய தொலைக்காட்சிக்கென அமைந்த இப்பொறி, வினாடிக்கு 15,625 கோடுகள் வீதம் படத்தை வரைந்து அனுப்புகின்றது. பிற்காலக் கணிப்பொறித் திரைகளுட் பெரும்பாலானவை, ஏறத்தாழ 31,000 கோடுகளுக்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. ஆகவே, வெறும் கம்பியை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

பொறியின் பின்புறத்தே படத்திற்கென மூன்று வாயில்கள் உள்ளன. ஒன்று, தொலைக்காட்சியின் ஏரியல் துளைக்குரியது. இரண்டாவது வீடியோ வாயில். இன்றைய தொலைக்காட்சியில் மஞ்சள் நிற வீடியோ துளை இருப்பின் இதனை இணைக்கலாம். உள்ளே ஓர் இணைப்பை மாற்றாதவரை படம் கறுப்பு வெள்ளையாகவே தோன்றும். மூன்றாவதே சிறந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களும் அதில் தனித்தனியே 'உண்டு', 'இல்லை' என்ற குறிகளாக வருகின்றன. அவை கூடி எட்டு நிறங்கள் ஆகின்றன. இக்குறிகளைப் படித்து எச்.டி.எம்.ஐ. வடிவில் தருவதற்கு, ராஸ்பெரி பை ஜீரோ என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு ஆர்வலர்கள் ஒரு கருவி அமைத்துள்ளனர். மூலத்திற் குறையாமலும், தன் சொல்லைக் கூட்டாமலும் இருபுறத்தாரையும் பேசவைக்கும் அதனிடம், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குத் தனி அன்பு உண்டாவது இயல்பே.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் உறங்கிய பொறிக்கு உடனே மின்சாரம் ஏற்றலாகாது. மின்வழங்கியிலுள்ள பழைய வடிகட்டி மின்தேக்கிகள் வெடிப்புற்றுப் புகை கக்குவதுண்டு. தேர்ந்தவரைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றிவிட வேண்டும்.

பின்னர் விசையைத் திருப்புங்கள். கண்ணை நம்பாமல் செவியைத் தீட்டுங்கள். தாழ்ந்த ஒலி ஒன்றும் உடனே உயர்ந்த ஒலி ஒன்றும் எழுமாயின், பொறியின் மூளை விழித்துவிட்டது என்று அறியலாம். தாழ்ந்த ஒலியே ஓயாது நீளுமாயின் கோளாறு உள்ளேதான். திரை இருண்டிருப்பினும், அவ்விரண்டு ஒலிகளையும் கேட்ட பின்னர் அப்பொறியை எடைக்குப் போட நமக்கு மனம் வாராது.