எந்தக் கேலிபர்?

நான் துப்பாக்கி பழுது பார்ப்பவன். கோவைப் பக்கம் எங்கள் பட்டறை. நீலகிரியிலும் வால்பாறையிலும் எஸ்டேட் பங்களா அலமாரிகளில் தாத்தா காலத்திலிருந்து கிடக்கும் ரைபிள்கள், லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேரும். "ஆர்டர் கொடுத்துச் செய்கிற வேட்டை ரைபிளுக்கு எந்தக் கேலிபர் என்று எப்படித் தீர்மானித்தார்கள், அதைப் பற்றிப் பேசுங்களேன்" என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் போதாது. ஆனாலும் முயல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் அந்த வேட்டையெல்லாம் படிப்படியாக முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. இரும்பும் பித்தளையும் ஈயமும்தான் என் பிரியம். அதனால் நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதையைத்தான் பேசப் போகிறேன்.

அந்தக் காலத்தில் தோட்டத் துரையோ வனத்துறை அதிகாரியோ நல்ல ரைபிள் வேண்டுமென்றால் லண்டனுக்கோ பர்மிங்ஹாமுக்கோ எழுதுவார்கள். ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ஜெஃப்ரி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று அங்கே பெரிய பெரிய கம்பெனிகள். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கூடத் துப்பாக்கி விற்ற காலம் அது. கட்டையின் நீளம், கன்னம் படியும் உயரம், விசையின் இழுப்பு, இதெல்லாம் ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வார்கள். ஆனால் கேலிபரைச் சொல்லாமல் வேலையே தொடங்காது. கேலிபர் என்றால் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கு. அதை வைத்துத்தான் குழலின் கனம், பூட்டின் நீளம், ரைபிளின் எடை, விலை எல்லாமே.

'பெரிய மிருகத்துக்குப் பெரிய குழல், சின்ன மிருகத்துக்குச் சின்னக் குழல், இதிலென்ன யோசனை?' என்று நீங்கள் நினைக்கலாம். சாமுவேல் பேக்கரும் அப்படித்தான் நினைத்தார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன அதே பேக்கர். அதற்கு முன்பு இலங்கையில், நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிக்கொண்டிருந்தவர். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற கொல்லரிடம் 1840-இல் ஒரு ரைபிள் செய்து வாங்கினார். எடை 21 பவுண்ட். தூக்கிப் பாருங்கள், ஒன்பதரை கிலோ! 'நாலு போர்' என்பார்கள். அதாவது அந்தக் குழலுக்குச் சரியாக உருட்டிய ஈய உருண்டை நாலு சேர்ந்தால் ஒரு பவுண்ட். ஓர் உருண்டை கால் பவுண்ட். ஒரு சூட்டுக்கு ஓர் அவுன்ஸ் கரிமருந்து.

அவரைக் குறை சொல்ல முடியாது. கரிமருந்துக்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு போட்டாலும் கனமான குண்டின் வேகம் வினாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு அடியைச் சுற்றியே நிற்கும். வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால் எடையைத்தானே கூட்ட வேண்டும்? புகையில்லா மருந்து வந்த பிறகுதான் கணக்கு மாறியது. இங்கிலாந்தில் கார்டைட் என்று கயிறு கயிறாக ஒரு மருந்து செய்தார்கள். அதை வைத்து ரிக்பி கம்பெனி 1898-இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. குண்டின் எடை 480 கிரெயின், சுமார் 31 கிராம். வேகம் வினாடிக்கு 2150 அடி. பத்து பதினோரு பவுண்ட் ரைபிளில் யானைக்கும் காட்டெருமைக்கும் போதுமான அடி. இந்தியாவிலிருந்து ஆர்டர் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் இதையே கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் சர்க்கார் குறுக்கே வந்தது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் உள்விட்டம் .450. அந்தத் துப்பாக்கிகள் ஏராளமாக வெளியாட்கள் கையில் இருந்தன. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி மார்ட்டினிக்குப் போட்டுக்கொண்டு கலகம் செய்வார்கள் என்று பயம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இந்தியாவிலும் சூடானிலும் .450 ரைபிளும் தோட்டாவும் இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? ஹாலண்ட் .465 செய்தார்கள். ஜோசப் லாங் கம்பெனி .470 செய்தது. இன்னொரு பக்கம் .475. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. எல்லாம் ஒரே வேலையைச் செய்கிற தோட்டாக்கள். ஒன்றுக்கொன்று வேகத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. .450-க்கும் .470-க்கும் இடையில் வெறும் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் யானைக்காக வந்ததல்ல, சுங்க அதிகாரிக்காக வந்தது. இன்றைக்கும் பழைய புத்தகங்களைப் படித்துவிட்டு ".465 உசத்தியா, .470 உசத்தியா?" என்று என்னிடம் வாதாட வருபவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

இவற்றில் .470 மட்டும் செழித்ததற்கு வேறொரு காரணம். லாங் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மற்ற கம்பெனிகளும் அந்த அளவில் ரைபிள் கட்டினார்கள். 1970 வாக்கில் கைனாக் கம்பெனி இந்தப் பெரிய தோட்டாக்களைச் செய்வதைக் கைவிட்டபோது, ஒரே கம்பெனியின் ரைபிளுக்கென்று இருந்த எத்தனையோ தோட்டாக்கள் கிடைக்காமல் போயின. .470-க்கு ஆள் அதிகம் என்பதால் அதைத் திரும்பச் செய்ய முன்வந்தார்கள். ஆர்டர் கொடுக்கிறவருக்கு நான் யோசனை சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்: நாலு பேர் செய்கிற தோட்டாவுக்குக் குழல் போடுங்கள்.

சர்க்காரின் அந்தப் பயம் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. நம் விவசாயிகளுக்குத் தெரிந்த .315 ரைபிள் இருக்கிறதே, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது, அது ஏன் .303 ஆக இல்லை? .303 பட்டாளத்துத் தோட்டா. பொதுமக்களுக்குத் தடை. அதனால் வேறு அளவு. அவ்வளவுதான்.

இப்போது என் பட்டறைக்குள் கொஞ்சம் வாருங்கள். வால்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தாத்தாவின் இரட்டைக் குழல் ரைபிளை எடுத்து வந்தார். "ஏங்கண்ணா, லைசென்ஸ் புக்குல 400-னு போட்டிருக்குதுங்க. இதுக்குத் தோட்டா என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். குழலில் பொறித்த எழுத்து தேய்ந்து, எண்ணெயும் துருவும் ஏறிக் கிடந்தது. அந்த அளவில் .450/400 என்ற தோட்டா உண்டு; .450-இன் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் நெருக்கி .400 ஆக்கியது. ஆனால் அதிலேயே இரண்டு வகை. ஒன்றின் கூடு மூன்றே கால் அங்குலம், மற்றது ஜெஃப்ரி செய்த மூன்று அங்குலம். நீளக் கழுத்துக் கூடு சூட்டில் அறைக்குள் சிக்கிக்கொள்கிறது என்பதால் ஜெஃப்ரி கழுத்தைக் குறைத்து, அடி விளிம்பைக் கனமாக்கினார். ஒன்றுக்கு வாங்கிய தோட்டா மற்றதற்கு ஆகாது.

எது என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. கந்தகத்தை ஒரு கரண்டியில் இளஞ்சூட்டில் உருக்குவோம். கொஞ்சம் விளக்குக் கரியும் துளி கற்பூரமும் சேர்ப்போம். தண்ணீர் போல உருகி நிற்கும்போதே இறக்கிவிட வேண்டும்; சூடு ஏறினால் பாகு போலக் கெட்டியாகிவிடும், பிறகு உதவாது. குழலுக்குள் சற்றுத் தள்ளி ஒரு துணி உருண்டையால் அடைத்து, தோட்டா அமரும் அறையில் மெல்லிசாக எண்ணெய் தடவி, வாயைக் கீழே வைத்து நிறுத்தி, பின்பக்கமாக ஊற்றுவோம். ஆறியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு மரக்கோலால் தட்டினால் அச்சு அப்படியே கையில் வந்து விழும். விளிம்பு, தோள், கழுத்து, அதற்கு மேல் குழலின் முறுக்கு வரிகள், எல்லாம் தெளிவாகத் தெரியும். வெர்னியர் வைத்து அளந்தால் முடிந்தது. அந்தத் தம்பியின் ரைபிள் மூன்று அங்குலம். புத்தகத்தில் 400 என்று எழுதிய குமாஸ்தாவுக்குக் கால் அங்குலத்தைப் பற்றி என்ன கவலை!

சரி, நான் ஆசையாகப் பேச வந்த விஷயம் இன்னும் வரவில்லை. குண்டு.

ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். ஆப்பிரிக்காவில் 'கரமோஜோ' பெல் என்றால் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். கேட்கவே மனம் ஒப்பவில்லை, எனக்கும்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் கொன்றது .275 ரிக்பியால். பட்டாளத்தில் 7 மில்லிமீட்டர் மௌசர் என்கிறார்களே, அதே தோட்டா. குண்டின் எடை 173 கிரெயின், பதினோரு கிராம். நாலு போர் உருண்டை 113 கிராம். பத்தில் ஒரு பங்கு!

எப்படி முடிந்தது? யானையின் மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே குறி வைக்க வேண்டும் என்று படித்தார். அது ஒரு பாதி. மறு பாதி குண்டின் வடிவம். அது நீளமாக, முனை மழுங்கலாக, முழுக்க உலோக உறை போட்டிருக்கும். எலும்பில் பட்டாலும் நசுங்காது, நேராகப் போகும். உலக்கையையும் ஆணியையும் ஒரே பலத்தோடு சுவரில் அடித்துப் பாருங்கள், எது உள்ளே இறங்குகிறது என்று.

எது ஆழமாக இறங்கும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் பென்சிலை எடுங்கள். குண்டின் எடையைப் பவுண்டில் எழுதி, விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஏழாயிரம் கிரெயின் ஒரு பவுண்ட். பெல்லின் குண்டு அசல் விட்டம் .284, வருகிற விடை 0.306. .470-இன் 500 கிரெயின் குண்டுக்குச் சுமார் 0.32. 1912-இல் ஹாலண்ட் செய்த .375-இன் 300 கிரெயின் குண்டுக்கு 0.305. பார்த்தீர்களா? சின்னது, நடுத்தரம், பெரியது, எல்லாம் 0.3-ஐ ஒட்டியே நிற்கின்றன. நாலு போரின் கால் பவுண்ட் உருண்டைக்கு? 0.23 கூட வராது. குழல் எத்தனை பெரிதானால் என்ன, உருண்டை உருண்டைதான்.

அதற்காக .275-ஐ எடுத்துக்கொண்டு யாரும் யானை முன்னால் நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. பெல்லின் கையும் நிதானமும் எல்லோருக்கும் வராது. இன்றும் வேட்டையை அனுமதிக்கிற ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான மிருகத்துக்கு .375-க்குக் குறைந்த குழல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நியாயமான சட்டம். குறி தப்பினால் பெரிய குண்டு கொஞ்சமாவது காப்பாற்றும்.

ஆனால் சின்ன ரைபிள் உயிரைக் காத்த கதையும் உண்டு. ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றார். கையில் இருந்தது .500 ரைபிள், தோட்டா மூன்றே மூன்று. அதுவும் தீர்ந்துபோய், கடைசியில் கூட வந்த தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கித்தான் சுட்டார். அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி கொடுத்தார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்து. 1930-இல் சௌகர் ஆட்கொல்லியைத் தேடிப் போனபோது அவர் கையில் இருந்தது கனம் குறைந்த ரைபிள்தான். இடது கையில் வேறு, பக்கிக் குருவியின் முட்டைகள். பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி. ரைபிளை ஒரே கையால், மெல்ல மெல்ல, புலி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, முக்கால் வட்டம் திருப்பிச் சுட்டார். கனம் குறைந்த ரைபிள் என்பதுதான் தன்னைக் காப்பாற்றியவற்றில் ஒன்று என்று அவரே எழுதியிருக்கிறார். பத்து பவுண்ட் இரட்டைக் குழலாக இருந்திருந்தால் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றி அவர் எழுதிய கதைகள் நமக்குக் கிடைத்திருக்காது.

நேரம் நெருங்குகிறது. உதையைப் பற்றி இரண்டே வார்த்தை: .470-இன் உதை .275-ஐப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தோள் தாங்காதவன் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிவிடுவான். பிறகு எந்தக் கேலிபர் இருந்து என்ன? வெயிலைப் பற்றி: கார்டைட்டுக்குச் சூடு ஆகாது, அழுத்தம் எகிறும். அதனால் நம் நாட்டுக்கென்று மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டாக்களைப் பெட்டி மேல் தனியாகக் குறித்தே விற்றார்கள். நம் பக்கத்துக் காடுகளில், பென்னாகரத்திலும் ஜவளகிரியிலும் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். அதற்கு இன்னொரு கால் மணி நேரம் நிலையத்தார் கொடுத்தால் வருகிறேன்.

இந்த உரையைக் கேட்கிற யார் வீட்டிலாவது தாத்தாவின் ரைபிள் இருந்தால், லைசென்ஸ் புத்தகத்தை நம்பித் தோட்டா வாங்கிவிடாதீர்கள். முதலில் அச்சு எடுத்துப் பாருங்கள். கூடவே பழைய தோட்டாப் பெட்டி ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். குண்டின் எடையும் மருந்தின் அளவும் அந்த அட்டையில் அச்சடித்திருக்கும். உங்கள் ஊர்த் துப்பாக்கிக்காரர் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.