தொக்கணமும் பிற நாட்டுப் பிடித்துவிடும் முறைகளும்

தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் பிசைந்தும் இழுத்தும் வலியைத் தணிக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு வேறு பெயர் பெற்றிருப்பினும், அவற்றின் பயனைத் தீர்மானிப்பது உடலின்மேல் கை என்ன செய்கிறது என்பதே.

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணம், அதாவது உடலைப் பிடித்துவிடும் சிகிச்சை, இந்த அடிப்படையிலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. பக்கவாதத்தால் செயலிழந்த கை, கால்களுக்கு உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றைத் தடவித் தொக்கணம் செய்யும்போது, நோயாளியால் தாமே இயக்க முடியாத மூட்டுகள் பிறர் கையால் இயக்கப்படுவதால், அவை இறுகிப்போவதைத் தடுக்க உதவும் பயிற்சியாகவும் அது அமைகிறது. இன்றைய இயன்முறை மருத்துவம் இதே நோக்கத்தோடு செய்வதும் ஏறத்தாழ இதுவே.

ஐரோப்பாவில் பரவிய சுவீடிய முறையோ பெயரளவில் சற்றுப் பொருந்தாதது. சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கியவர் என்றாலும், நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகியவற்றை முறைப்படுத்திய பெருமை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்கே பெரிதும் உரியது.

தாய்லாந்து முறையில் எண்ணெய் பொதுவாக இல்லை. ஆடையோடு தரைவிரிப்பில் படுத்திருப்பவரின் உடலைப் பெருவிரல், முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றால் அழுத்துவதோடு கை, கால்களை நீட்டி வளைத்தலும் சேர்வதால், உடலின் நெகிழ்வு கூடுவதை இதன் சிறப்புப் பயனாகக் கருதலாம். பாங்காக்கின் வாட் போ கோயிலில் 19-ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறிக்கப்பட்ட உடல்வரைபடங்கள் இன்றும் உள்ள இக்கலையை யுனெஸ்கோ 2019-இல் மானுடத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. விரல் அழுத்தத்தையே முதன்மையாகக் கொள்ளும் ஜப்பானிய ஷியாட்சு இதற்கு ஓரளவு நெருங்கியது.

வலி தணிவதற்கு 1965-இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் வெளியிட்ட வாயில் கோட்பாடு ஒரு விளக்கம் தருகிறது: தொடுகையையும் அழுத்தத்தையும் கடத்தும் நரம்புகள் தூண்டப்படும்போது, முதுகுத்தண்டின் நரம்புப் பாதையில் வலிச்செய்தி மூளைக்குச் செல்வது குறைகிறது. ஆயினும் இடுப்புவலி போன்றவற்றில் கிடைக்கும் தணிவு பெரும்பாலும் குறுகிய காலத்ததே. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் பிழிந்து வெளியேற்றப்படுகிறது என்ற விளம்பரக் கூற்றும் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் உடற்பயிற்சிக்குப் பின் அவ்வமிலத்தை உடல் தானாகவே விரைவில் அகற்றிவிடுகிறது.

காய்ச்சல், எலும்பு முறிவு, தோல் அழற்சி உள்ளபோது இச்சிகிச்சையைத் தவிர்த்தல் நலம். குறிப்பாக ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கவும், அழுத்தும்போது அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடையவும் கூடுமாதலால், அக்காலைப் பிடித்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.