ஒரு மார்க்கில் போன கனடா

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், இறுதியாண்டு மாணவர்களுக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் தம்பி தங்கைகள் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வெளிநாட்டில் குடியேறுவது எப்படி என்று பேசு" எனச் செயலாளர் சொன்னார். "சார், எப்படி என்பதை விட எப்போது என்பதுதான் எனக்குத் தெரியும், அதுவும் அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது" என்றேன். "அதையே பேசு" என்று விட்டுவிட்டார்.

போகணுமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். அதில் நான் தலையிடப் போவதில்லை. போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும், எனக்குத் தெரிந்த கனடா கதையைச் சொல்கிறேன்.

நாமெல்லாம் கவுன்சலிங்கில் வந்தவர்கள். கட்-ஆஃப் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியும் அதே மாதிரிதான். 2015 ஜனவரியில் வந்த முறை இது. வயது, படிப்பு, மொழித் திறன், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, 1200-க்கு நீங்கள் எவ்வளவு என்று வரிசையில் நிறுத்துவார்கள். அவ்வப்போது ஒரு கட்-ஆஃப் அறிவித்து, அதற்கு மேலிருப்பவர்களை விண்ணப்பிக்க அழைப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம். பிளஸ் டூ மார்க் வயதானால் குறையாது. இது குறையும்.

2019 அக்டோபர். எனக்கு வயது 29. எம்.இ. படிப்பு, ஆறு வருட அனுபவம், கல்யாணம் ஆகவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். லிஸனிங் 8.5, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் 6.5. மொத்தக் கணக்கு 414. அப்போது கட்-ஆஃப் 470-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கவனியுங்கள். ரைட்டிங்கில் 7 வாங்கியிருந்தால் என் மார்க் எவ்வளவு தெரியுமா? 472. அரை பேண்டுக்கு 58 மார்க்! காரணம் இதுதான். நாலு பிரிவிலும் கனடாவின் மொழி அளவுகோலில் 9-ஆம் நிலையைத் தொட்டால், மொழிக்கான மார்க் கூடுவதோடு, படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துத் தரும் கூடுதல் மார்க்கும் இரட்டிப்பாகிறது. ஒரு பிரிவில் தவறினாலும் அது பாதியாகிவிடும். எனக்குப் படிப்பில் 25, அனுபவத்தில் 25, ரைட்டிங்கிலேயே 8 என்று போனது.

உடனே மறுபடி எழுதினேனா? இல்லை. ஆபீஸில் ரிலீஸ், வீட்டில் தீபாவளி. இதற்கு நடுவே ஒரு ஏஜென்டைப் பார்த்தேன். "எதுக்கு சார் திரும்பத் திரும்ப எக்ஸாம்? ஜாப் ஆஃபர் லெட்டர் ஒண்ணு வாங்கித் தரேன், 50 மார்க் ஏறிடும்" என்றார். கேட்ட தொகை லட்சங்களில். 414-உம் 50-உம் 464. அதுவும் கட்-ஆஃபுக்குக் கீழேதான்! கூட்டல் கணக்குக்கூடப் போடாமல், கடிதம் வரும் வரும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன்.

ஜனவரியில் கடிதத்தின் நகல் வந்தது. நான் பேசியிராத கம்பெனி, கொடுத்திராத இன்டர்வியூ. அப்பாவிடம் காட்டினேன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "வேலை குடுக்கிறவன் உன்னைப் பார்க்கவே இல்லை. ஆனா விண்ணப்பத்துல கையெழுத்துப் போடப் போறது நீ. மாட்டினா ஏஜென்ட் வருவானாடா?" என்றார். அதோடு அதை விட்டேன். பொய்த் தகவல் கொடுத்து மாட்டினால் கனடாவில் ஐந்து வருடத் தடை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. கணக்கு தெரியும்.

பிப்ரவரி கடைசியில் மறுபடி தேர்வு எழுதினேன். ரைட்டிங் 7 வந்தது. மற்ற மூன்றும் அதே நிலை. ஆனால் ரிசல்ட் வந்தது மார்ச் முதல் வாரம். மார்ச் 2 என் பிறந்தநாள். முப்பது முடிந்ததும் ஐந்து மார்க் கழிந்து, 472 என்பது 467 ஆகிவிட்டது.

நான் கடிதத்துக்குக் காத்திருந்த நாட்களில் என்ன நடந்தது என்று பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 2019 டிசம்பர் 19-ல் கட்-ஆஃப் 469. 2020 ஜனவரி 22-ல் 471. பிப்ரவரி 19-ல் 470. நவம்பரிலேயே மறுதேர்வு எழுதி 472 கையில் வைத்திருந்தால், மூன்று முறை கதவு திறந்திருக்கிறது. நான் வாசலில் இல்லை.

பிறகு கொரோனா. அந்த ஆண்டு டிசம்பர் 23-ல் கட்-ஆஃப் 468-க்கு இறங்கியது. நான் 467. ஒரு மார்க்! அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது இன்னும் கொடுமை. 2021 பிப்ரவரி 13-ல் 75 மார்க்குக்கெல்லாம் அழைப்பு கொடுத்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு. என்னைப் போல் வெளியே இருந்தவர்களுக்கான அழைப்பு 2022 ஜூலை 6 வரை நின்றே போனது. திரும்பத் தொடங்கியபோது கட்-ஆஃப் 557. அதற்குள் என் தேர்வு முடிவுக்கும் ஆயுள் முடிந்திருந்தது. மொழித் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும்.

"அப்புறம் எப்படித்தான் போனே?" என்று என் தோழர்கள் கேட்பது தெரிகிறது. பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவன் நான். தமிழ் ஐயா அதற்காக என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. 2022-ல் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி, சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து ஒன்றரை வருடம் படித்தேன். 2023-ல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்பு தொடங்கினார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதி முடித்தபோது என் மார்க் 512. 2024 பிப்ரவரியில் அந்தப் பிரிவின் கட்-ஆஃப் 336 வரை வந்தது. அழைப்பு கிடைத்தது. இப்போது ஒட்டாவாவில் இருக்கிறேன்.

அதை அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு முறையும் மார்க் கொடுத்தது நானே படித்து எழுதிய தேர்வுதான், யாரோ தருவதாகச் சொன்ன கடிதம் அல்ல.

அந்தக் கடிதத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஜாப் ஆஃபருக்குத் தந்த கூடுதல் மார்க்கை எடுத்தே விட்டார்கள். மோசடி பெருகியதும் அதற்கு ஒரு காரணம். அன்றைக்கு முன்னால் அந்த மார்க்கை நம்பி வரிசையில் நின்றவர்களுக்கு, அழைப்பு வந்திராவிட்டால், ஒரே நாளில் 50 குறைந்தது. உண்மையான வேலைக்கு மதிப்பு போய்விடவில்லை. சில மாகாணத் திட்டங்களுக்கு அது தேவை. மாகாணம் தேர்ந்தெடுத்தால் 600 மார்க். கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காகக் காலண்டரை நிறுத்தி வைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். ஒன்டாரியோவில் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கவே சட்டத்தில் தடை.

தம்பி தங்கைகளே, இனி நோட்டை எடுங்கள்.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட். பட்டம் வாங்கும்போதே கூடுதலாக இரண்டு செட் வாங்கி வையுங்கள். படிப்பை மதிப்பிட்டுத் தரும் அறிக்கை ஐந்து வருடம் செல்லும், அதனால் அதை முன்கூட்டியே முடிக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கம்பெனியை விட்டு வரும்போதும் அனுபவக் கடிதம். "இவர் நல்லவர்" என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன வேலை செய்தீர்கள், வாரம் எத்தனை மணி, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எல்லாம் வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த மேனேஜரே அங்கே இருக்க மாட்டார்.

மூன்றாவது, மொழித் தேர்வு. பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முப்பதுக்கு ஒரு வருடம் முன்பே முதல் முயற்சி முடிந்திருக்க வேண்டும். முதல் முறை குறைந்தால் அடுத்த மாதமே மறுபடி எழுத நேரமும் பணமும் ஒதுக்கி வையுங்கள். அரை பேண்டு குறைவை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

நான்காவது, தேதிகளின் கூட்டல். வரிசையில் உங்கள் பெயர் பன்னிரண்டு மாதம் நிற்கும். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பம் போட 60 நாள். விண்ணப்பிக்கும் நாளிலும் தேர்வு முடிவு உயிரோடு இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு அது காலாவதியானால் அழைப்பே வீண். ஆகவே ஒன்றரை வருடம் ஆகியும் அழைப்பு வராவிட்டால், ரெண்டு வருஷம் முடியட்டும்னு இருக்காதீங்க, மறுபடி எழுதிடுங்க.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். நான் சொன்னதையும் நம்பி உட்காராமல், கனடா அரசின் குடியேற்றத் துறை இணையதளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள்.

அப்பா இன்றைக்கு முன்வரிசையில்தான் இருக்கிறார். ஏஜென்ட் கொடுத்த அந்த நகலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாராம். "எதுக்குப்பா?" என்று நேற்று கேட்டேன். "அடுத்தவன் பிள்ளை யாராவது கேட்டு வந்தா காட்டத்தான்" என்றார். கூட்டம் முடிந்ததும் தேவைப்படுகிறவர்கள் அவரைப் பாருங்கள்.

டீ வந்துவிட்டது.