தீருவின் ஈராம் இருவர்

(சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரீமேசன் என்னும் மேனாட்டுச் சங்கத்தார் ஈராம் என்ற வெண்கலத் தொழிலாளனைத் தம் தலையாய ஆசானாகக் கொண்டாடுகின்றனர் என்பதும், அவன் சாலொமோன் அரசனுக்குக் கோயில் எடுத்தவன் என்பதும் நம்மவரிற் பலர் செவிவழியாக அறிந்த செய்திகளே. அவ்வளவில் நில்லாது, தொழிலால் அவன் நம்மவனாதலின் குலத்தாலும் நம்மவனே என்று கூறி மகிழ்வாரும் நம்மிடை உளர். அவர்தம் மகிழ்ச்சியைக் கெடுக்க வந்தோமல்லோம். ஆயினும் இல்லாத உறவை நாட்டிப் பெருமை தேடுதல், பித்தளைக்கு முலாம் பூசிப் பொன்னென்று விற்பதனோடு ஒக்கும். அது நம் தொழிலுக்கே இழுக்கு. அவன் பினீசிய நாட்டவன். அவனைப் பற்றி ஏட்டில் உள்ள செய்தியோ, பின்னர் எழுந்த கதையினும் சுவையுடையது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதலே யாம் இன்று மேற்கொண்ட பணி.

மத்தியதரைக் கடலின் கீழைக்கரையில், இன்று லெபனான் என வழங்கும் நாட்டில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நிலமே பினீசியா. பினீசியர் என்பது கிரேக்கர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மைத் தத்தம் நகரத்தின் பெயராலேயே வழங்கினர். உழுதற்கு நிலம் குறைவு, பின்னே கேதுரு மரம் செறிந்த மலை, முன்னே கடல். ஆகவே மரம் வெட்டுதலும், கலம் கட்டுதலும், வாணிகஞ் செய்தலும் அவர்தம் வாழ்வாயின. கடல்நத்தையினின்று ஊதாச் சாயம் வடித்தவரும், 22 எழுத்துக் கொண்ட நெடுங்கணக்கைக் கிரேக்கர்க்கு அளித்தவரும் அவரே. அவர் நகரங்களுள் தலைசிறந்த தீரு, அக்காலத்தில் ஒரு தீவு. கி.மு. 332இல் அலெக்சாந்தர் கடலைத் தூர்த்து வழி சமைத்து அதனைக் கைக்கொண்ட பின்னரே அது கரையோடு இணைந்தது.

கி.மு. 10ஆம் நூற்றாண்டில் அத்தீருவை ஆண்டவன் ஈராம் என்னும் மன்னன். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், மெனாந்தர் என்னும் கிரேக்கரின் நூலை எடுத்துக்காட்டி, இவன் அபிபாலின் மகன் என்றும், 34 ஆண்டு ஆண்டு 53ஆம் வயதில் இறந்தான் என்றும், பழங்கோயில்களை இடித்து மெல்கார்த், அஸ்தார்த்தே என்னும் தெய்வங்களுக்குப் புதிய கோயில்கள் எடுத்தான் என்றும் கூறுகின்றார். இவனும் சாலொமோனும் ஒருவர்க்கொருவர் விடுகதை அனுப்பி, விடுவிக்கத் தவறியவர் பொருள் இழத்தல் வேண்டும் எனப் பந்தயம் கட்டினராம். ஈராம் தோற்றுப் பெரும்பொருள் இழந்தபின், அப்தேமோன் என்னும் தீரு நகரத்து இளைஞன் வந்து அவற்றை விடுவித்து, இழந்ததை மீட்டுத் தந்தானாம். 1923இல் பிப்லோஸ் நகரில் பியேர் மோந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தெடுத்த கற்பேழையில் அகிராம் என்னும் அரசனின் பெயர் பொறித்துளது. பெயரொப்புமை கண்டு அவனையும் இவனையும் ஒருவரெனக் கொள்ளற்க. அவன் பிப்லோஸ் வேந்தன். இவன் தீரு வேந்தன்.

தாவீதுக்கு அரண்மனை எடுக்கக் கேதுரு மரமும் தச்சரும் கொத்தரும் அனுப்பிய ஈராம், அவன் மகன் சாலொமோன் கோயில் எடுக்கப் புகுந்தபோதும் துணை நின்றான். மரம் வெட்டுதலில் சீதோனியர்க்கு நிகரானவர் தம்மிடம் இல்லை என்று சாலொமோனே ஒப்புக்கொண்டதாக இராஜாக்களின் புத்தகம் கூறுகின்றது. வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல்வழியே யோப்பாத் துறைக்கு மிதக்க விட்டனர். அதற்கு மாற்றாகச் சாலொமோன் ஆண்டுதோறும் 20,000 கோர் கோதுமையும் 20 கோர் ஒலிவ எண்ணெயும் கொடுத்தான். கோர் என்பது எபிரேயரின் முகத்தலளவை. ஒருவனிடம் வயல், மற்றவனிடம் காடு. நட்பு என்று நூல் கூறினும் அதனடியில் கிடந்தது நெல்லுக்குப் பானை மாற்றும் கணக்கே. இறுதியில் சாலொமோன் கலிலேயாவில் 20 ஊர்களை ஈராமுக்கு அளித்தபோது, அவன் போய்ப் பார்த்து மனநிறைவின்றித் திரும்பி, அவற்றுக்குக் காபூல் எனப் பெயரிட்டான். நாளாகமம் எழுதியவரோ, ஈராமே சாலொமோனுக்கு ஊர்கள் கொடுத்தான் எனத் தலைகீழாக மாற்றி எழுதினார். தம் அரசன் ஊரை விற்றான் என்று எழுத அவர்க்கு மனம் வரவில்லை போலும்.

இவ்விருவர் கப்பல்களும் மூன்றாண்டுக்கொருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு 'துக்கி' என்னும் பொருளையும் கொணர்ந்தன என்று நூல் கூறும். அது தோகை என்னும் தமிழ்ச் சொல்லே என்றும், மயிலைக் குறிக்கும் என்றும் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அது குரங்கினத்துள் ஒன்றைக் குறிக்கும் எகிப்தியச் சொல் என்பாரும் உளர். தமிழ்ப் பண்டிதராகிய எமக்கு முன்னதன்மேல் ஆசையுண்டு; ஆசை சான்றாகாது.

இனி மற்றை ஈராமைக் காண்போம். அரசனும் தொழிலாளனும் ஒரே பெயருடையர். இவன் தந்தை தீரு நகரத்து வெண்கலத் தொழிலாளி. தாய் ஒரு கைம்பெண், நப்தலி கோத்திரத்தாள் என்று ஒரு நூலும், தாண் வழியினள் என்று மற்றொரு நூலும் கூறும். இராஜாக்களின் புத்தகம் இவனை வெண்கல வேலை வல்லவன் என்பதோடு நிறுத்துகின்றது. நாளாகமமோ பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, கல், மரம், ஊதாநூல், மெல்லிய துணி, கொத்துவேலை ஆகிய எல்லாவற்றிலும் வல்லவன் என்கின்றது. நம் ஐந்தொழிலும் அடங்கிய இவ்வடுக்கைக் கேட்டவுடன் அன்பர்களின் முகம் மலர்வதைக் காண்கின்றோம். ஆயினும் முந்திய நூல் வெண்கலம் ஒன்றையே கூறலின், ஏனையவை பிந்தியவர் சேர்த்த சிறப்பு என்றே கருதுகின்றோம். ஒரு தொழிலைச் செவ்வனே கற்க ஓர் ஆயுள் போதாதென்பது உங்களுக்குத் தெரியாததன்று.

நாளாகமம் இவனை 'ஈராம் அபி' என்றும், பிறிதோரிடத்து 'அபிவ்' என்றும் குறிக்கும். எபிரேய மொழியில் அவை 'என் தந்தை', 'அவன் தந்தை' எனப் பொருள்படும். ஈண்டுத் தந்தை என்றது ஆசான் என்னும் மதிப்புப் பெயராகலாம் என்பர் அறிஞர். லூதர் தம் செர்மானிய மொழிபெயர்ப்பில் அதனை இயற்பெயராகவே நிறுத்த, அவ்வழியே அபிப் என்னும் பெயர் ஐரோப்பாவிற் பரவிற்று. அபி, அப்பன் என்னும் ஒலியொப்புமையைக் கொண்டு எவரும் நூலெழுதப் புகவேண்டா.

அவன் செய்த வேலையோ வியத்தற்குரியது. கோயில் வாயிலில் நிறுத்த இரண்டு வெண்கலத் தூண்கள் வார்த்தான். அவற்றுக்கு யாகீன், போவாஸ் எனப் பெயர். ஒவ்வொன்றும் 18 முழ உயரம், 12 முழச் சுற்றளவு. மேலே 5 முழப் போதிகை. அதில் அல்லிப்பூ வேலையும் மாதுளங்கனி வரிசையும். தூணின் உள் வெறுமையானது. தகட்டின் கனம் நான்கு விரல். முழத்தை ஒன்றரை அடி என்றும், விரலை முக்கால் அங்குலம் என்றும் கொண்டு யாம் கணக்கிட்டுப் பார்த்தோம். போதிகை நீங்கலாகவே தூணொன்றுக்கு 28 டன்னளவு வெண்கலம் வருகின்றது. ஒரே ஊற்றில் வார்த்திருப்பின், உட்கரு அசையாமல் நிறுத்தி, மூசைகள் பலவற்றை ஒருங்கே கவிழ்த்து, உருக்கு உறையுமுன் நிறைத்தல் வேண்டும். அதன் அருமை கேட்போரினும் வார்ப்போர்க்கே விளங்கும்.

'கடல்' எனப்பட்ட பெருந்தொட்டியையும் அவனே வார்த்தான். விட்டம் 10 முழம், உயரம் 5 முழம், நான்கு திசையும் நோக்கிய 12 எருதுகள் அதனைத் தாங்கின. சுற்றளவு 30 முழம் என எழுதியிருப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கண்டால் நகைப்பர். 31 முழத்துக்கு மேல் வரவேண்டுமன்றோ? அளவு நூல் பிடித்தவன் ஈராம், கணக்கெழுதியவன் ஏட்டுக்காரன். இவையன்றி உருளை பூட்டிய பத்து வெண்கலப் பீடங்களும் செய்தான். அவற்றைப் போன்ற, அவற்றினும் முற்பட்ட சிறிய உருளைப் பீடங்கள் சைப்பிரசுத் தீவிற் கிடைத்து, இலண்டனிலும் பெர்லினிலும் காட்சியில் உள்ளன. ஆகவே நூல் கூறுவது வெறும் கற்பனை அன்று.

இவ்வார்ப்பு வேலைகளை எருசலேமிற் செய்யாது, யோர்தான் சமவெளியில் சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் இடையே களிமண் தரையில் செய்தான் என்பது நாம் ஊன்றி நோக்கற்பாலது. அச்சுக்கேற்ற மண் இருக்குமிடத்தை நாடி உலையைக் கொண்டுபோனான். அதற்குத் தெற்கே பைனான் பள்ளத்தாக்கில், கி.மு. 10, 9ஆம் நூற்றாண்டுகளில் மிகப்பெரிய அளவில் செம்பு உருக்கியதற்குச் சான்றான கசட்டுக் குவியல்கள் ஆய்வாளரால் காலங்கணிக்கப்பட்டுள்ளன. வெண்கலத்தின் எடை இவ்வளவென்று எவரும் கணக்கிடவில்லை என்று கூறி, ஈராம் எல்லா வேலையையும் செய்து முடித்தான் என்று நூல் முடிக்கின்றது. அதன்பின் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முடித்தான் என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, பிரீமேசன் கதையைக் கேளுங்கள். கோயில் முடியுமுன், ஆசானுக்கே உரிய மறைச்சொல்லைப் பறிக்க எண்ணிய மூன்று தொழிலாளர், நண்பகலில் கோயிலின் மூன்று வாயில்களிலும் ஒளிந்து நின்றனர். ஒவ்வொரு வாயிலிலும் அடிபட்டும் சொல்ல மறுத்த ஈராம் மூன்றாவது அடியில் இறந்தான். உடலைப் புதைத்து மறைத்தனர். சாலொமோன் தேட விடுத்தவர்கள், புதைகுழியின்மேல் இருந்த பசுங்கொப்பால் இடத்தை அறிந்தனர். மெய்ச்சொல் அவனோடு மறைந்தது. பின்னுள்ளோர் வழங்குவது மாற்றுச்சொல்லே. இதனை மூன்றாம் படியேறுவோர்க்கு நாடகமாக நடித்துக் காட்டுவர். சென்னை எழும்பூரிலும் அச்சங்கத்தார்க்கு மன்றமுண்டு.

இக்கதை எத்துணைப் பழைமையது? 1400ஐ ஒட்டி எழுந்த ஆங்கிலக் கொத்தர்களின் பழஞ்சுவடியில் ஈராமின் பெயரே இல்லை. 1450ஐ ஒட்டிய மற்றொன்று, தீரு அரசனின் மகன் சாலொமோனுக்குத் தலைமைக் கொத்தனாக இருந்தான் என்பதோடு அமைகின்றது. 1717இல் இலண்டனில் பெருமன்றம் தோன்றியது. 1723இல் ஆண்டர்சன் எழுதிய விதிநூல் ஈராமைப் புகழ்கின்றதேயன்றிக் கொலையைக் கூறவில்லை. 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் அச்சிட்ட நூலில்தான் கொலைக்கதை முதன்முதல் வெளிவந்தது. 1726ஆம் ஆண்டெனக் குறித்த கிரகாம் சுவடியில், புதைத்த உடலை எடுத்து மறைபொருள் தேடும் அதே செய்தி நோவாவையும் அவன் மக்கள் மூவரையும் பற்றியதாக உள்ளது. அச்சு ஒன்றே, ஊற்றிய உலோகம் வேறு. பிரான்சு நாட்டுத் தச்சரும் கல்வேலைக்காரரும், சாலொமோன் கோயிலில் தூண் செதுக்கிய யாக்கோபு ஆசான் கத்தியாற் குத்துண்டு இறந்தான் என்று தமக்கெனத் தனிக்கதை வைத்துக்கொண்டனர்.

ஆசானைக் கொன்றாலன்றி அவன் பெருமை விளங்காது என இவர்கள் ஏன் கருதினர்? பிரீமேசன்களுள் பலர் உளியையே தொடாதவர். அவர்க்குத் தொழில் என்பது மறைச்சொல். உலையில் நிற்பவனுக்கோ தொழில் என்பது கை. அடித்துப் பறிக்கக்கூடிய சொல்லொன்று இருந்திருப்பின், நம் பிள்ளைகள் பத்தாண்டு துருத்தி ஊத வேண்டியதில்லையே.

எனினும் அக்கோயில் வேலையைச் சார்ந்த கொலையொன்று மெய்யாகவே நூலில் உளது. அது ஈராமின் கொலையன்று. சாலொமோன் இஸ்ரயேலரில் 30,000 பேரை வெட்டிக்குப் பிடித்து, திங்களுக்குப் பதினாயிரவராக லெபனானுக்கு அனுப்பினான். ஒரு திங்கள் காட்டில், இரு திங்கள் வீட்டில். இவர்க்கு மேலே சுமைதூக்குவோர் 70,000, மலையிற் கல் வெட்டுவோர் 80,000. இத்தொகைகள் மிகைப்பட்டன எனினும், வெட்டியின் கொடுமை பொய்யன்று. அவ்வெட்டிக்கு அதிகாரியாயிருந்தவன் அதோனீராம். கோயில் 7 ஆண்டிலும் அரண்மனை 13 ஆண்டிலும் முடிந்தன, நுகம் இறங்கவில்லை. சாலொமோன் இறந்தபின் மக்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் சென்று பாரத்தைக் குறைக்குமாறு வேண்டினர். அவன் மறுத்துக் கடிந்துரைத்து, பின்னர் அவ்வெட்டி அதிகாரியையே அவர்களிடம் அனுப்பினான். நூல் அவ்விடத்தில் அவன் பெயரை அதோராம் எனச் சிறிது திரித்து வழங்கும். மக்கள் அவனைக் கல்லாலெறிந்து கொன்றனர். அரசன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான். நாடு இரண்டாகப் பிளந்தது.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு பிரீமேசன்களுள் ஒரு சாரார், கொலையுண்ட ஆசான் ஈராம் அல்லன், அதோனீராமே என்று கொண்டனர். வெட்டி வாங்கியவனுக்கே ஆசான் பட்டம் சூட்டிய விந்தையை என்னென்பது! கூலியின்றிக் கல் சுமந்த மக்களின் சினத்தால் மடிந்தவனை, மறைபொருள் காத்து மடிந்தவனாக்கினர். அவ்வாயிரக்கணக்கானவருள் ஒருவர் பெயரும் எந்நூலிலும் இல்லை.

யாகீனும் போவாசும் ஏறத்தாழ நானூறாண்டு நின்றன. கி.மு. 587 அல்லது 586இல் பாபிலோனியர் எருசலேமைக் கைப்பற்றிக் கோயிலை எரித்து, அத்தூண்களையும் கடலையும் பீடங்களையும் உடைத்து வெண்கலத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோயினர். தூணின் உள் வெறுமையானது, கனம் நான்கு விரல் என்று முன்னே கூறினோமன்றோ? எபிரேய மூலத்தில் அச்செய்தி ஈராம் வார்த்த இடத்தில் இல்லை. எரேமியாவின் இறுதியில், தூண்கள் உடைபட்ட இடத்தில்தான் உள்ளது.