‘ஐ ஆம் டென்ஷன்’

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் இந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து ‘டென்ஷன்’ என்ற சொல்லை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். பஸ் வரவில்லை, டென்ஷன். வருகைப் பதிவு ஆப் திறக்கவில்லை, டென்ஷன். பேச அழைத்தார்கள், எனக்கே கொஞ்சம் டென்ஷன். இது ஆங்கிலச் சொல் என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ அது எப்போதோ தமிழ்ச் சொல்லாகிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ ஆம் டென்ஷன்’ என்று எழுதுகிறார்கள். ‘எனக்கு டென்ஷனாக இருக்கிறது’ என்ற தமிழ் வாக்கியம் அப்படியே உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் தினமும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இன்று மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் தலைப்பு. ஒரு மாணவி வாரத்தில் பாதி நாள் ‘ஐ ஆம் டென்ஷன்’ என்றே எழுதினாள். நானும் சிவப்பு மையால் ‘டென்ஷன்’ என்பதை அடித்து, ‘டென்ஸ்’ என்று திருத்தி, பக்கத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொற்களுக்கு வருவோம். ‘டென்ஸ்’ என்றால் இழுத்துப் பிடிக்கப்பட்டது. இழுப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. (இலக்கணத்தில் காலத்தைக் குறிக்கும் ‘டென்ஸ்’ வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். பிள்ளைகள் குழம்புவது இயல்பு. ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிடுங்கள்.) இதே வேரில் இன்னொரு தொடர் உண்டு: ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’. முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கம்பளித் துணியை அலசியபின் சுருங்காமல் காய்வதற்காக மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ‘டென்டர்’. துணியின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள்தான் ‘டென்டர்ஹுக்ஸ்’.

இதை வகுப்பில் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “மிஸ், எங்கப்பா ஸ்டென்டர்லதானுங்க வேலை பாக்கறாரு” என்றான். சாயப்பட்டறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்டென்டர் என்பது துணியை இருபக்கமும் பின்னில் மாட்டி, அகலம் குறையாமல் இழுத்து, சூடான காற்றில் காயவைக்கும் இயந்திரம். அந்தப் பெயரும் இதே குடும்பம்தான். பாடநூலில் ஆங்கிலேயருக்கே தடுமாற்றம் தரும் ஒரு தொடர், எங்கள் ஊர்ப் பையனின் வீட்டில் ஷிப்ட் முறையில் ஓடிக்கொண்டிருந்தது! அதன்பின் அந்த வகுப்பில் ஒருவரும் அதை மறக்கவில்லை. ஆங்கிலேயர்களே பலர் அதை ‘டெண்டர் ஹுக்ஸ்’ என்று தவறாக எழுதுவதுண்டு என்பதையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

‘ஆங்ஷியஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். ‘வொரி’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதுதான். நாமும் ‘தொண்டையை அடைக்கிறது’ என்கிறோம் அல்லவா? ‘சஸ்பென்ஸ்’ என்பது தொங்கவிடுவது. நம்மிடம் ‘அந்தரத்தில் தொங்குகிறது’ இருக்கிறது. ‘பட்டர்ஃபிளைஸ் இன் மை ஸ்டமக்’ என்று அவர்கள் வயிற்றில் பட்டாம்பூச்சியைப் பறக்கவிடுகிறார்கள். நாம் புளியைக் கரைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பட்டாம்பூச்சி மேடை ஏறுவதற்கு முன் வரும் சின்னப் படபடப்பு. புளி கரைவது அதைவிடக் கனமானது. பிள்ளைகளிடம் முதலில் தமிழில் கேளுங்கள். திக்திக், படபடப்பு, பதைபதைப்பு, தவிப்பு, இருப்புக்கொள்ளாமை என்று கரும்பலகை நிறைந்துவிடும். இவ்வளவு வைத்திருப்பவர்கள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லோடு நிற்கிறார்கள் என்றால், குறை சொல் இல்லாததில் இல்லை, நாம் பாலம் போடாததில்தான்.

வேறுபாடுகளை விளக்க நான் சந்திரயான்-3 இறங்கிய மாலையை எடுத்துக்கொள்வேன். 2023 ஆகஸ்ட் 23. இறுதி இறக்கத்துக்குச் சுமார் 19 நிமிடங்கள். மாலை 6.04க்கு நிலவைத் தொட்டது. பெங்களூரு கட்டுப்பாட்டு அறையில் விஞ்ஞானிகளின் முகங்கள் ‘டென்ஸ்’. அறையின் சூழலும் ‘டென்ஸ்’. இந்தச் சொல் ஆளுக்கும் பொருந்தும், சூழலுக்கும் பொருந்தும். ‘நெர்வஸ்’ ஆளுக்குத்தான் பெரும்பாலும் வரும், அதுவும் தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்போது. தொலைக்காட்சி முன் இருந்த நாம் ‘இன் சஸ்பென்ஸ்’. ‘ஐ ஆம் சஸ்பென்ஸ்’ என்று சொல்லக் கூடாது. அந்த 19 நிமிடங்களும் ‘நெயில் பைட்டிங்’. நகம் கடிப்பவர் நாம், ஆனால் அந்த அடைமொழி நிகழ்வுக்கு. ‘ஐ ஆம் நெயில் பைட்டிங்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் தொடர்பை இழந்தது நினைவில் இருந்ததால் பலர் ‘ஆங்ஷியஸ்’. ‘ஆங்ஷியஸ் அபவுட்’ என்றால் கவலை. ‘ஆங்ஷியஸ் டு’ என்றால் பெரும்பாலும் ஆவல். பின்னால் வரும் சின்னச் சொல் பொருளையே திருப்பிவிடுகிறது. நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் ‘ஐ ஆம் டென்ஸ்டு’ பற்றிக் கேட்பீர்கள். பேச்சில் விட்டுவிடுகிறேன், எழுத்தில் ‘டென்ஸ்’ என்று திருத்துகிறேன்.

திருத்துவது என்றதும் அந்த மாணவியிடம் வருகிறேன். ஒருநாள் வகுப்பில் ‘ட்ரெட்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். வரப்போவது இன்னதென்று தெரியும், அது வரவே கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும், அந்த அச்சம். மறுநாள் அவள் நோட்டில் பிழையில்லாத ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஐ ட்ரெட் டியூஸ்டேஸ்.’

பழைய பக்கங்களைப் புரட்டினேன். டிக் போட்ட ‘டென்ஷன்’ எல்லாமே திங்களும் செவ்வாயுமாக இருந்தன. மதிய உணவு வேளையில் தனியே அழைத்துக் கேட்டேன். செவ்வாய்தோறும் மாலையில் குழுக்கடன் தவணை வசூலிக்க வீட்டுக்கு ஆள் வருவார்களாம். பணம் இல்லாத வாரங்களில் அம்மா உள்ளே இருந்துகொண்டு, “அம்மா இல்லைன்னு சொல்லு கண்ணு” என்று இவளை வாசலுக்கு அனுப்புவாராம். அவர்கள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்களாம். தினமும் எழுதியிருக்கிறாள். நான் இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் அம்மாவை வரவழைத்துப் பேசினோம். கடனை எங்களால் தீர்க்க முடியவில்லை. ஆனால் செவ்வாய் மாலை ஆறரை வரை அவள் பள்ளி நூலகத்தில் இருக்க, தலைமையாசிரியர் ஒப்புதலோடு ஏற்பாடு செய்தோம். நானும் இன்னொரு ஆசிரியையும் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தோம். திரும்பும்போது அம்மாவே வந்து அழைத்துப்போவார். அந்த ஆண்டு முழுவதும் அப்படித்தான் போயிற்று.

அந்த ஒற்றை வாக்கியப் பக்கத்தில் இப்போது நான் சிவப்பு மை வைப்பதில்லை. பிழைகளை வேறு பயிற்சியில் பார்த்துக்கொள்கிறேன். ‘டென்ஷன்’ என்று இருந்தால் கீழே பென்சிலால் ‘அபவுட் வாட்?’ என்று மட்டும் எழுதுகிறேன். சிலர் பதில் எழுதுவார்கள், சிலர் எழுதமாட்டார்கள். வற்புறுத்துவதில்லை.

சரி, தேநீர் வருவதற்குள் ஒரு பயிற்சி செய்துவிடுவோம். இருவர் இருவராக உட்காருங்கள். போன வாரம் உங்களுக்கு ‘டென்ஷன்’ ஆன ஒரு பொழுதை, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல், ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்.