வெயிலுக்குக் கட்டும் கூடு



ஊரில் கோழிக்கூடு ராத்திரிச் சமாச்சாரம். பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறித் திரியும் கோழியைப் பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தில் அடைப்பார்கள். மரநாய் தூக்காமல் விடிந்தால் போதும். தோஹாவுக்கு வடக்கே 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஸ் லஃபான் பக்கத்தில் கோழி வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே கோழியைத் தூக்கிப் போவது உச்சிவெயில்.

ராஸ் லஃபான் எரிவாயு நகரம். ஆலைகளும் துறைமுகமும் நிறைந்த அந்த வேலிக்குள் கோழிக்கு வேலையில்லை. ஆனால் தெற்கே அல் கோர் பக்கம் போனால் மஸ்ராக்கள் வருகின்றன. பேரீச்சை, ஆடு, ஒட்டகம் என்று அரபிகள் வைத்திருக்கும் தோட்டங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது நம் தெற்காசியத் தொழிலாளர்கள்தான். அப்படியொரு தோட்டத்து மூலையில் ஐந்தாறு பெட்டைக்கோழி வளர்ப்பது சாத்தியம், மஸ்ராக்காரர் சரி என்றால்.

சாப்பாட்டுக்கு வெளியூரை நம்பியிருக்கும் பயத்தை கத்தார் 2017 ஜூன் 5ஆம் தேதி நேராகவே பார்த்தது. சவுதி எல்லையை மூடிய அன்று கடை அலமாரிகள் காலியாயின. அடுத்த மாதமே பாலுக்காக மாடுகள் விமானத்தில் வந்திறங்கின. அந்த மாடுகள் போய்ச் சேர்ந்த பண்ணையும் அல் கோர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. முட்டையிலும் பிடிமானம் இல்லை. இறக்குமதி முட்டையின் எடைக்கு 2024 இறுதியில் புதுக் கட்டுப்பாடு வந்ததும் நாமக்கல் பண்ணைக்காரர்கள் கைபிசைந்தார்கள், பேச்சு இந்திய நாடாளுமன்றம் வரை போனது.

ஐந்தாறு கோழி ஒரு நாட்டைக் காப்பாற்றாது. ஆனாலும் மஸ்ராவில் தங்கியிருக்கும் நாலு பேருக்குக் காலையில் சூடான முட்டை கிடைப்பது சின்ன விஷயமும் இல்லை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினால் வாயைப் பிளந்து, சிறகை அகட்டி, இரைக்கும். முட்டைக்கோழிக்கு இதமான வெப்பம் 18 முதல் 25 டிகிரி வரை. வளைகுடாக் கோடையில் 45 டிகிரி சாதாரணம். இரைத்து இரைத்து உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேற, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் ரத்தத்தில் குறைந்துபோகும். முட்டை ஓடு தோல் மாதிரி மெலிந்துவிடும். கோடையில் முட்டை உடைகிறதே என்று தீவனக்காரரைத் திட்டுவதற்கு முன் கூரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக, முதல் வேலை கூரை. வெறும் தகரம் அடித்தால் அது தோசைக்கல். தகரத்துக்கு மேலே சுண்ணாம்பு பூசி, அதற்கும் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பேரீச்சை ஓலை பரப்பினால் நடுவில் காற்று ஓடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் கோழி வளர்ப்பு நிபுணர்கள் இல்லை. மின்சாரம் வருவதற்கு முந்திய வளைகுடா மக்கள் கோடையில் தங்கிய பரஸ்தி குடிசைகளே ஓலைமட்டை வேய்ந்தவைதான், சுவர் வழியாகவே காற்று வரும். கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடினால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று புழுதியை வாரி வரும்போது இறக்கிவிட ஒரு பாய் இருக்கட்டும்.

ஆறு கோழிக்கு உள்ளே 6 அடிக்கு 4 அடி, வெளியே காலாற நிழலுள்ள 60 சதுர அடி போதும். இரவில் ஏறி உட்கார ஒரு கட்டை வேண்டும், கோழிக்கு முக்கால் அடி கணக்கில். முட்டையிட ஓர் அடி சதுரத்தில் இரண்டு பெட்டிகள், கொஞ்சம் இருட்டான மூலையில். கம்பிவலையைத் தரைக்குள் ஓர் அடி புதைக்க வேண்டும், பாலைவன நரி தோண்டும். பூனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சேவல் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. இந்த வெயிலில் சேவல் இருப்பது நஷ்டமும்கூட. கருக்கூடிய முட்டையை வெளியே வைத்தால் அந்தச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். பெட்டைகளில் மொட்டைக்கழுத்துக் கோழி கிடைத்தால் விடக்கூடாது. கழுத்தில் இறகில்லாததால் சூட்டை எளிதாக வெளியேற்றும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. கோடையில் மாடித்தொட்டித் தண்ணீர் கொதிப்பதும், குளிக்க ராத்திரியே வாளியில் பிடித்து வைப்பதும் வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்காது, குடிக்காத கோழி தின்னாது. சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி வெயிலில் அதைப் போல் இரண்டு மடங்கு கேட்கும். மண்சட்டியை நிழலில் பாதி புதைத்து வைத்து, நடுப்பகலில் ஒருமுறை மாற்றினால் நல்லது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்கு கத்தாரில் தடை உண்டு. கோழிக்கும் அதே நேரத்தில் தீவனத்தை எடுத்துவிடலாம், செரிமானச் சூடு மிச்சம். விடியலிலும் அந்தியிலும் வைத்தால் தானே தின்னும்.

அந்தித் தீவனத்தோடு கொஞ்சம் கிளிஞ்சல் தூள் வைக்க மறக்கக்கூடாது. ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். அல் கோர் ஒரு காலத்தில் முத்துக்குளித்த ஊர். முத்தும் முட்டை ஓடும் பெரும்பாலும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். கடல் இரண்டுக்கும் கொடுக்கிறது.

குளிர்காலத்தில் வேறொரு முடிச்சு. டிசம்பர், ஜனவரியில் வெப்பம் இதமாக இருக்கும், ஆனால் பகல் பத்தரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விடியுமுன் சில மணி நேரம் ஒரு சின்ன பல்ப் எரிந்தால் முட்டை குறையாது.

இப்படிக் கோழி வளர்ப்பது லாபமா என்றால், பணக்கணக்கில் இல்லை. கடை முட்டைதான் மலிவு. குளிர்மாதங்களில் இது நல்ல பழக்கம். நிழலும் தண்ணீரும் பார்க்க ஆளில்லாத கோடையில் இது கோழிக்குச் செய்யும் கொடுமை. அடுக்குமாடி பால்கனியில் வளர்க்கும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். தோட்டத்தில் வளர்ப்பவர்களும் பலதியா என்கிற நகராட்சியின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்துக் கோழியை வாங்குங்கள்.

செப்டம்பர் கடைசியில் கூட்டை அடித்து, அக்டோபரில் முட்டைக்கு வரும் பருவத்து வெடைக்கோழியாக வாங்குவது உத்தமம். மே மாதத்தில் ஆசை வந்தால், அந்த மாதம் முட்டையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.