குழி தோண்டிப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க!

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால், அவர் பேசிய நடையிலேயே இங்கே தருகிறோம்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் கிடையாது. மாதக் கூட்டத்துல இருபது பேருக்கு முன்னால பேசினதோட சரி. ஆனா இந்த வருஷம் பேசியே ஆகணும்னு நானே கேட்டு வாங்கினேன். காரணம் ரெண்டு.

ஒண்ணு, ஆத்தோர நிலத்தைக் கூட்டுக் குத்தகைக்கு எடுக்கக் கடன் வேணும்னு இந்த வருஷம் நாலு குழு மனு கொடுத்திருக்கு. நல்ல விஷயம். மனுவுல சேமிப்பு எவ்வளவு, வருகை எத்தனை சதவீதம், பழைய கடன் பாக்கி உண்டா எல்லாம் கேட்கிறோம். அந்த நிலத்து மண்ணு எப்படின்னு ஒரு வரி கூட கேட்கலை.

ரெண்டாவது, செங்கல் சூளைக்கு மேல்மண் கேட்டு ஏஜெண்டுங்க வீடு வீடா வர்றாங்க. கையில ரொக்கம் வச்சுக்கிட்டு வர்றாங்க. கஷ்டத்துல இருக்கிற வீடாப் பார்த்து வர்றாங்க.

என் கதை

2007-ல என் மூத்த மக கல்யாணம். அப்ப நான் குழுவுல சேரலை. எங்களுக்கு ஆத்துக்கு வடக்கே 50 சென்ட் வயல். இருபோகம் நெல் விளையுற வயல். ஏஜெண்டு வந்தார். "மூணு அடி மண்ணு மட்டும்தான்மா எடுப்போம், நிலம் உங்க நிலம்தான், வயல் பள்ளமானா தண்ணி தானா வந்து பாயும், நல்லதுதான்"னு சொன்னார். எங்க வீட்டுக்காரர் யோசிச்சார். நான்தான் சரின்னு சொன்னேன். அந்தப் பழியை நான் யார் மேலயும் போட மாட்டேன்.

எத்தனை லோடு போச்சுன்னு அப்ப எண்ணலை. பிறகு குழுவுல சேர்ந்து கணக்கு எழுதப் பழகினப்புறம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 50 சென்ட்டுக்கு 21,780 சதுர அடி. மூணு அடி ஆழம்னா 65,340 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். அப்ப 653 யூனிட் மண்ணு! எனக்குக் கிடைச்ச பணத்தை அதால வகுத்தேன். ஒரு யூனிட்டுக்கு விழுந்த காசுல ரெண்டு பேர் காப்பி குடிக்கலாம். அவ்வளவுதான்.

மண்ணை எடுத்த பிறகு கீழே என்ன இருந்தது? கூழாங்கல் கலந்த மணல். வெயில் காலத்துல விட்ட தண்ணி மறுநாள் நிக்காது. மழைக்காலத்துல ஆத்து ஊத்து கீழே இருந்து ஏறி வந்து நிக்கும், வடியாது. போட்ட யூரியா எங்கே போச்சுன்னே தெரியாது. அந்த வயல்ல மறுபடி ஒழுங்கா நெல்லு எடுக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் பக்கத்து வயல் அளவுக்கு விளையலை.

மண்ணு எப்படி வந்தது?

இப்படி ஏமாந்த பிறகுதான் மண்ணைப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சேன். வேளாண் துறை பயிற்சிக்குப் போனேன். அங்கே கேட்டதையும் என் கண்ணால பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

நாம அரிசி அரிக்கிறோம் இல்லையா? பாத்திரத்தை ஆட்டி ஆட்டித் தண்ணியை ஊத்தினா கல்லு அடியில தங்கும். அரிசி மெல்ல நகரும். தவிடு தண்ணியோட போயிடும். ஆறும் அதைத்தான் செய்யுது. மலையில இருந்து வேகமா இறங்கும்போது கல்லையும் சரளையையும் உருட்டிக்கிட்டு வரும். சமவெளிக்கு வந்து வேகம் குறைஞ்சதும் முதல்ல கல்லைப் போடும், பிறகு மணலை, பிறகு பொடிமண்ணை. கடைசியா தண்ணி அசையாம நிக்கிற இடத்துல களியைப் படிய விடும். களித் துகள் ரொம்பச் சின்னது. ஒரு மில்லிமீட்டரை ஐநூறாப் பங்கு போட்டா வர்ற ஒரு பங்கை விடவும் சின்னது. அதனாலதான் ஆத்துத் தண்ணி கலங்கலா இருக்கு.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்குங்க. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலை. நடுவுல ஆறு. லோயர் கேம்ப்புல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இந்த ஆத்துத் தண்ணியில பாயுது. 1895-ல பெரியாறு அணை திறந்த பிறகு, மேற்கே போக வேண்டிய தண்ணியைச் சுரங்கம் வழியா இந்தப் பக்கம் திருப்பி விட்டாங்க. பென்னிகுவிக் பேரை நம்ம வீடுகள்ல பிள்ளைகளுக்கு வைக்கிறோம்.

ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. தண்ணி அங்கே இருந்து வருது. மண்ணு? அணையில தேங்கி நிக்கிறப்பவே வண்டல்ல பெரும்பகுதி அங்கேயே தங்கிடும். நம்ம வயல்ல இருக்கிற மண்ணு, சுருளியாறும் மலை ஓடைகளும் அணை வர்றதுக்கு ரொம்ப காலம் முந்தியே, வெள்ளத்துக்கு வெள்ளம் ஒரு பூச்சு பூசின மாதிரி போட்டு வச்சது. இன்னைக்கு வாய்க்கால்ல வர்ற தண்ணி அந்த அளவுக்கு மண்ணைக் கொண்டுவந்து போடாது. நான் வித்த மூணு அடி மண்ணு என் பேரன் பேத்தி காலத்துலயும் திரும்பி வராது.

ஒரே ஊர், மூணு மண்ணு

"ஆத்தோரம்னா வண்டல்தான், எல்லாம் ஒண்ணுதான்"னு நினைக்காதீங்க. பள்ளத்தாக்குல குறைஞ்சது மூணு வகை இருக்கு.

முதலாவது, மலையடிவாரத்துல ஓடை வந்து திறக்கிற இடம். விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கும். கல்லும் சரளையும் செம்மண்ணும் கலந்திருக்கும். தண்ணி நிக்காது. வேர் மூச்சு விட நல்ல இடம். ஆனா மழை அடிச்சா அதே ஓடை மறுபடி கல்லைக் கொண்டுவந்து கொட்டும்.

இரண்டாவது, ஆத்துக் கரையை ஒட்டின மேடு. வெள்ளம் கரை தாண்டினதும் முதல்ல கனமானதைத்தான் போடும். அதனால இங்கே மணலும் பொடிமண்ணும். உழ சுகமா இருக்கும். காய்கறி, வாழை, தென்னை நல்லா வரும். ஆனா ஈரம் சீக்கிரம் காயும்.

மூணாவது, கரையில இருந்து உள்ளே தள்ளின பள்ளம். கலங்கல் தண்ணி நாள் கணக்கா நின்ன இடம். அங்கே களி. சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நெல்லுக்கு இதைவிட நல்ல மண்ணு கிடையாது. ஆனா காய்கறி போட்டா வேர் அழுகும். காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும்.

எங்க பக்கத்து ஊர்க் குழு ஒண்ணு, ஆறு பேர் சேர்ந்து ஓடை வாயில ஒண்ணரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டாங்க. குத்தகை மலிவு, மண்ணு பொலபொலன்னு இருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க. 2021 ஐப்பசி மழையில ஒரே ராத்திரி. விடிஞ்சு பார்த்தா செடிக்கு மேல அரை அடி கல்லு. கடனை அடைக்க ரெண்டு வருஷம் சேமிப்பை உடைச்சாங்க. அவங்க சோம்பேறிகள் இல்லை. நம்மள்ல நல்ல உழைப்பாளிகள். மண்ணைப் படிக்கத் தெரியலை, அவ்வளவுதான்.

மண்ணைப் படிப்பது எப்படி?

இதுக்குப் படிப்பு வேண்டாம். மம்பட்டி, ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும்.

முதல்ல குழி தோண்டுங்க. நிலத்துல ரெண்டு மூணு இடத்துல, மூணு நாலு அடி ஆழம். ஓரத்தைச் சீவிவிட்டுப் பாருங்க. ஆத்து மண்ணு அடுக்கு அடுக்கா இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம். மேலே ஒரு சாண் வண்டல் இருந்து, கீழே வெறும் மணலா இருந்தா தண்ணியும் உரமும் தங்காது. நடுவுல கருத்த அடுக்கு இருந்தா, அது ஒரு காலத்துல மேல்மண்ணா இருந்து, பிறகு வந்த வெள்ளம் மூடினதா இருக்கலாம்.

ரெண்டாவது, நிறம் பாருங்க. சாம்பல் நிறத்துல துருப்பிடிச்ச மாதிரி புள்ளிகள் எந்த ஆழத்துல இருக்கோ, அதுவரைக்கும் வருஷத்துல கொஞ்ச நாளாவது தண்ணி ஏறி நிக்குதுன்னு அர்த்தம். ஒரு அடியிலேயே இருந்தா அங்கே வெங்காயம், கத்தரி போடாதீங்க. நிலத்துக்காரர் "தண்ணியே நிக்காது"ன்னு சொல்லலாம். மண்ணு பொய் சொல்லாது.

மூணாவது, கையில உருட்டுங்க. ஈரமண்ணை எடுத்துப் பலகாரத்துக்கு உருட்டுற மாதிரி உருட்டுங்க. உருண்டையே நிக்காம உதிர்ந்தா மணல். உருண்டை வந்து, நீட்டும்போது உடைஞ்சா வண்டல். முறுக்கு மாதிரி நீட்டி வளைச்சாலும் உடையலைன்னா களி.

நாலாவது, பாட்டில். மூணுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி. நல்லாக் குலுக்கி அசையாம வைங்க. மணல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடியில உட்காரும். பொடிமண்ணு சில மணி நேரத்துல. களி படிய ஒரு நாள் ஆகும், சிலது அதுக்கு மேலயும் ஆகும். அடுக்கை ஸ்கேல் வச்சு அளந்தா எது எவ்வளவுன்னு தெரிஞ்சு போகும்.

கடைசியா மண் பரிசோதனை. பத்துப் பதினஞ்சு இடத்துல, மேலே இருக்கிற சருகை ஒதுக்கிட்டு, 'வி' வடிவத்துல வெட்டி, ஓரமண்ணைச் சுரண்டி எடுங்க. நெல்லுக்கு அரை அடி ஆழம் போதும். எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவா ஆக்கி நிழல்ல உலர்த்தி அரசு மண் பரிசோதனை நிலையத்துல கொடுங்க. வண்டல்னா எல்லாச் சத்தும் இருக்கும்னு நினைக்கிறோம். தழைச்சத்து பல இடத்துல குறைவாத்தான் இருக்கு. சீட்டு வந்தா தேவையில்லாத உரச் செலவு மிச்சம்.

இருக்கிறதைக் காப்பாத்துவோம்

என் வயலைத் தேத்தினது எப்படின்னு கேட்கிறீங்க. வருஷா வருஷம் கண்மாய்க் கரம்பை அடிச்சேன். தொழு உரம் போட்டேன். நடவுக்கு முன்னால தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிற பருவத்துல மடக்கி உழுதேன். விவசாயத்துக்குக் கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாம எடுக்க, 2024-ல இருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்குற மாதிரி எளிமையாக்கி இருக்காங்க. கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்க. ஆத்துல மட்டும் கை வைக்கக் கூடாது, அது குற்றம். கரையோர நாணலையும் புல்லையும் வெட்டிக் கரை நுனி வரைக்கும் உழுறதை விடுங்க. அதுதான் வெள்ளத்துல நம்ம மண்ணைப் பிடிச்சு வைக்குது.

சூளைக்காரங்க எல்லாம் கெட்டவங்கன்னு நான் சொல்லலை. நம்ம வீடும் செங்கல் வீடுதான். அந்தச் சூளையில நம்ம பெண்களும் வேலை பார்க்கிறாங்க. ஆனா பட்டா நிலமா இருந்தாலும் செங்கலுக்கு மண் எடுக்க அரசாங்க அனுமதி வேணும். கண்மாய் மண்ணை முறையா வாங்கி எடுக்கட்டும். விளையுற வயலோட தோலை உரிக்க வேண்டாம்.

ஏஜெண்டு வீட்டு வாசலுக்கு வர்றது பெரும்பாலும் கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு நேரத்துல. 2007-ல எனக்கு ஒரு குழு இருந்திருந்தா உள்கடன் கேட்டிருப்பேன். இன்னைக்கு உங்களுக்குக் குழு இருக்கு. அதனால இந்தப் பொதுக்குழுவுல ரெண்டு கோரிக்கை வைக்கிறேன்.

1. குத்தகைக் கடன் மனுவுல "குழி தோண்டிப் பார்த்தீர்களா? எத்தனை அடியில் என்ன மண்?"னு ஒரு வரி சேர்க்கணும். ரெண்டு உறுப்பினர் நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போடணும்.

2. மேல்மண்ணை விக்கிற நிலைமைக்கு வந்த உறுப்பினருக்கு அந்த மாதக் கூட்டத்துலயே அவசரக் கடன் முன்னுரிமை கொடுக்கணும்.

முதல் கோரிக்கைக்குச் செலவு ஒரு மம்பட்டியும் அரை நாளும். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் பணம் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா 653 யூனிட் மண்ணைக் காப்பி விலைக்கு வித்தவ சொல்றேன், அந்தப் பணம் வீண் போகாது.



(இரண்டு கோரிக்கைகளும் கைதூக்கி ஏற்கப்பட்டுத் தீர்மானமாகப் பதிவு செய்யப்பட்டன. அடுத்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்த உரையைத் தங்கள் குழுவில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)